எல்லைப் பாறையில் சொன்ன சேதி

அன்புள்ள ஃபாதர்,

பக்கத்து வீட்டில் இன்று காலை களி அடிப்பிடித்துவிட்டது. கேழ்வரகு மாவு கருகும் வாசனை சுவரைத் தாண்டி என் மேசைவரை வந்தது. "துடுப்ப வுட்டுட்டு எங்கடி போன? தெருவுல இன்னா வேடிக்க?" என்று அந்த வீட்டு அம்மாள் மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் போளூர்க் கரும்பு விவசாயிகள் கூட்டம் பற்றிய செய்தியை எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

நீங்கள் இறந்துபோனதைச் சொல்லும் கடிதம் வந்து சில வாரங்கள் ஆகின்றன. நீல நிற வான்கடிதம், உங்கள் அண்ணன் மகன் எழுதியது. உங்கள் மொழி எனக்குத் தெரியாது என்பதால் வேலூரில் அது தெரிந்த ஒரு கன்னியாஸ்திரீயிடம் எடுத்துப்போனேன். அவர் வாசலில் நின்றபடியே படித்துச் சொன்னார். குளிர்காலத்தில், உங்கள் ஊரில், உங்கள் அம்மாவின் வீட்டில், சில நாள் காய்ச்சலுக்குப் பிறகு. எந்த இடத்தில் அடக்கம் என்று கேட்டேன். ஊர்க் கல்லறையில் என்று இருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் பேருந்து நிலையம் வந்து, தேநீர் குடித்து, போளூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணமங்கலம் தாண்டும்போது, "சார், உங்களத்தான், டிக்கெட்டு!" என்று நடத்துநர் என் தோளைத் தட்டினார். மூன்று முறை கேட்டுவிட்டாராம். எனக்குள் நடந்தது அவ்வளவுதான். இன்றுவரை அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். மரத்துப்போன காலில் முள் ஏறினால், ஏறியது தெரியும், வலி தெரியாது. அப்படித்தான் இருக்கிறது. அதனால் வருத்தத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. பார்த்ததை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

நாம் முதலில் பேசியதும் களியைப் பற்றித்தான். எழுபதுகளின் நடுவில், மழையில் மலைப்பாதை அறுந்துபோனதைப் பற்றி எழுத ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறியிருந்தேன். வண்டி நின்ற இடத்திலிருந்து நடந்து அந்தச் சிறிய ஊருக்கு வந்தால், ஊர்க்கவுண்டர் ஆண்டியின் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். காலில் ரப்பர் செருப்பு, அங்கியின் ஓரமெல்லாம் சேறு.

"இந்தச் சாப்பாடு உங்களுக்குப் பழகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"பழகறதுக்கு இன்னா கீது? எங்க ஊர்லயும் களிதான். மக்காச்சோளக் களி. மஞ்சளா இருக்கும்" என்றீர்கள்.

ஆண்டிக் கவுண்டர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சாமி, அம்மாந்தூரம் கடல் தாண்டி வந்தும் களிதானா ஒனக்கு? தலையெழுத்து மாறவேயில்ல பாரு!"

நீங்கள் சிரித்ததில் களி புரை ஏறிவிட்டது. அவர் எழுந்து வந்து உங்கள் உச்சந்தலையில் தட்டினார்.

ஆண்டிக் கவுண்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம், சாவு, சாமி மூன்றிலும் அந்த ஊரில் அவர் சொல்தான் சட்டம். குட்டையான ஆள், குரல் மட்டும் பெரியது. உங்களை "நீ" என்பார், என்னை "நீங்க" என்பார். வெளியாளுக்குத்தான் அவ்வளவு மரியாதை என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

நீங்கள் தமிழ் கற்றதும் அவர்களிடம்தான். ஒருமுறை வேலூரில் ஓர் உயரதிகாரியின் அறைக்குப் போயிருந்தோம். மருந்துப் பெட்டிகள் வந்து சேராதது பற்றி நான் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் அவர் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, "இன்னா சார் இது, புள்ளிங்க காய்ச்சல்ல கெடக்குது, நீங்க பொட்டிய வெச்சிக்கினு கீறீங்க?" என்றீர்கள். அந்த மனிதர் முதலில் வாயைப் பிளந்தார், பிறகு சிரித்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "நான் தப்பாப் பேசினேனா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அதற்கு மேல் சரியாக யாரும் பேசிவிட முடியாது.

உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் துண்டு துண்டாகத்தான் சொல்வீர்கள். மலைச்சரிவில் கல் வீடுகள். ஆண்கள் பாதிப்பேர் வேறு தேசங்களுக்குச் சுரங்க வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுவார்கள். ஆகஸ்ட் நடுவில் மட்டும் எல்லாரும் திரும்புவார்கள், ஊர்ச்சாமிக்கு. இங்கே நாம் ஆரோக்கியநாதர் என்று சொல்கிற புனிதர். கொள்ளைநோய்க்காரர்களைப் பார்த்துக்கொண்டு, தானும் நோய் வாங்கி, காட்டில் போய்ப் படுத்தவர். ஒரு நாய் தினமும் ரொட்டி கொண்டுவந்து அவரைக் காப்பாற்றியது. அதனால் சிலையில் அவர் தொடையில் புண் இருக்கும், காலடியில் நாய் இருக்கும்.

உங்கள் ஊரில் அது கோடைத் திருவிழா. சப்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் போவார்கள். ஒரு வீட்டில் எழுந்து வர முடியாதவர் யாராவது இருந்தால், அங்கே சப்பரத்தை ஜன்னல் உயரத்துக்கு இறக்கி, சிலையின் முகத்தை உள்ளே திருப்பிக் காட்டுவார்கள். உள்ளே இருப்பவர் சிலுவை போட்டுக்கொள்ளும்வரை யாரும் நகர மாட்டார்கள். உங்கள் அம்மாவின் வீடு தெரு திரும்பும் மூலையில் இருந்தது. அவருக்குக் கால் விழுந்துவிட்டதிலிருந்து அந்த ஜன்னலிலும் சப்பரம் நின்றது.

நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவரைப் பார்க்கவேயில்லை. போனால் திரும்பி வர விடுவோம் என்று எந்த அலுவலகமும் எழுதித் தரவில்லை. நீங்கள் போகவில்லை. அம்மா ஒரு கடிதத்தில் எழுதினார்: நீ வர வேண்டாம், நம் புனிதர் அங்கே வரட்டும். நீ இருக்கும் ஊரின் தெருவில் ஒருநாள் அவர் நடக்கட்டும், அது எனக்குப் போதும். உங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் அதே சிலையைச் சிறியதாகச் செய்து கப்பலில் அனுப்பினார்.

ஆலங்காயத்திலிருந்து அதை நான்கு பேர் மலைக்குச் சுமந்துவந்த அன்று நானும் இருந்தேன். வைக்கோலைப் பிரித்ததும் ஊரே கூடிவிட்டது. முதலில் யாரும் புனிதரைப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்தார்கள்.

"நாய் வாயில இன்னாது சாமி?" என்று கேட்டாள் வெள்ளச்சி, ஆண்டிக் கவுண்டரின் தங்கை. வாயாடி, உழைப்பாளி. எந்தக் கூட்டத்திலும் முதல் குரல் அவளுடையது.

"ரொட்டி" என்றீர்கள்.

"சாமிக்குக் குடுக்குதா, சாமிகிட்ட இருந்து புடுங்கினு ஓடுதா?"

"குடுக்குது."

"அப்பிடின்னா அது எங்க வூட்டு நாய் இல்ல" என்றாள். கூட்டம் கலையும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

சப்பரத்தைத் தூக்க எட்டுத் தோள் வேண்டும். உங்கள் சிற்றாலயத்துக்கு வந்துகொண்டிருந்தது மூன்றே குடும்பம். அந்த வீட்டு ஆண்களும் குடகுக் காப்பித் தோட்டத்தில் இருந்தார்கள். ஆகவே நீங்கள் ஊர்க்கூட்டத்தில் போய்க் கேட்டீர்கள். நான் ஓரமாக நின்றேன்.

ஆண்டிக் கவுண்டர் வெகுநேரம் வெற்றிலை மென்றார். பிறகு சொன்னார்: "தோள் குடுக்கறோம். பசங்க கீறானுங்க. ஆனா ஒண்ணு. எங்க தெருவுல போற சாமி எங்க கட்டுக்கு அடங்கணும். சாவுத் தீட்டு இருந்தா சாமி வெளிய வராது. எங்க சாமிக்கும் அதான், ஒன் சாமிக்கும் அதான்."

"சரி" என்றீர்கள்.

"சாமி ஒன் வூட்டுது. ஒன் வூட்ல சாவு வுழுந்தாலும் சாமி நின்னுடும். அப்புறம் அடுத்த வருசந்தான். அதுக்கும் சரியா?"

"என் வூட்ல நான் ஒருத்தன்தான் கவுண்டரே."

"நீ நல்லா இரு" என்றார் அவர். கூட்டம் முடிந்தது.

அந்த ஆண்டு திருவிழா சுதந்திர தினத்துக்கு மறுநாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கட்டிய காகிதக் கொடிகளை அவிழ்க்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். ஒரே செலவில் இரண்டு விழா என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் செய்திக்காக மலை ஏறுவதற்கு முன், ஆலங்காயம் அஞ்சலகத்தில் பத்திரிகைக்கு எழுதியிருந்த தாள்களை அனுப்பப் போனேன். அங்கிருந்தவர் என்னை அறிவார். "மலைக்குத்தானே போறீங்க சார்? சாமியாருக்குத் தந்தி ஒண்ணு வந்து கீது. எங்க ஆளு போய்ச் சேர நாளாவும். கெட்ட சேதி சார்" என்றார். உறையில் போட்டுக் கொடுத்தார். இரண்டே சொல் என்பதையும் சொன்னார்.

வழியெல்லாம் தூறல். சாமைப் பயிர் முழங்கால் உயரம் பச்சையாக நின்றது. உங்கள் ஊரில் இது வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். உறை என் சட்டைப் பையில் நனையாமல் இருந்தது.

நீங்கள் ஆலயத்துக்குள் சப்பரத்தில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தீர்கள். உறையைக் கொடுத்தேன். பிரித்துப் படித்தீர்கள். மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டீர்கள். கட்டிக்கொண்டிருந்த சரத்தை முடிச்சுப் போட்டு முடித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"அங்கே இன்னைக்குச் சப்பரம் அந்த மூலையில வந்து நிக்கும். பழக்கத்துல இறக்குவாங்க. ஜன்னல்ல ஆள் இருக்காது."

ஊருக்குத் தெரிந்தால் சிலை வாசலைத் தாண்டாது என்பது நம் இருவருக்கும் தெரியும். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தடுக்கப்போவது அவருடைய சாவேதான். சொல்லாமல் இருந்துவிடலாம், ஊரில் அதை அறிந்தவர்கள் நாம் இருவர்தான். நீங்கள் அதைத்தான் யோசிக்கிறீர்கள் என்று நினைத்தேன். வெளியே மேளம் காய்ச்சும் சத்தம் கேட்டது.

ஆண்டிக் கவுண்டர் புது வேட்டியில் உள்ளே வந்தார். "பசங்க ரெடி. மொதக் கழிய நீதான் தொடணும், வா" என்றவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். "இன்னா சாமி, மொகம் ஒரு மாதிரி கீது?"

நீங்கள் யோசித்துக்கொண்டிருந்ததாக நான் நினைத்தது தப்பு. ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை. "கவுண்டரே, எங்க அம்மா..." என்று ஆரம்பித்தீர்கள்.

அவர் கை மேலே போயிற்று. "நிறுத்து."

நீங்கள் நிறுத்தினீர்கள்.

"யார் சொன்னது?"

நீங்கள் தந்தியை எடுத்துக் காட்டினீர்கள். அவர் அதை வாங்கவில்லை. தொடக்கூட இல்லை. கழுத்தை நீட்டி, பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"காயிதமா?"

"தந்தி."

"காயிதம் சொன்னா அது சேதி ஆவாது சாமி. ஆளு சொல்லணும். எல்லைப் பாறைல நின்னு, வாயத் தெறந்து, இன்னார் செத்துட்டாங்கன்னு ஆளு சொன்னாத்தான் இங்க சாவு. அதுவரைக்கும் இல்ல. எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்பிடித்தான்."

அது உண்மை. அந்த மலையில் சாவுச் சேதி கொண்டுவருகிறவன் நேரே வீட்டுக்கு வர மாட்டான். ஊர் எல்லையில் உள்ள பாறையில் நின்றுதான் சொல்வான். சொன்ன நிமிஷத்திலிருந்துதான் தீட்டு. ஆனால் காகிதத்தில் வந்தால் என்ன கணக்கு என்று யாரும் அதுவரை யோசித்ததில்லை. யோசிக்க அவசியம் வந்ததில்லை. அந்த ஊருக்கு வந்த முதல் தந்தி அதுதான்.

ஆண்டிக் கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "காயிதம் கொண்டாந்தது நீங்களா சார்?"

"ஆமாம்."

"அப்ப சேதி ஆளு நீங்கதான். நேரா உள்ள வந்துட்டீங்களே! சரி, தெரியாம வந்துட்டீங்க. வெளிய போய் எல்லைப் பாறைல குந்துங்க. சாமி சுத்தி வந்து கோயில்ல எறங்கட்டும், நான் வந்து கூப்புடுறேன். அப்ப வாயத் தெறந்தாப் போதும்."

"நான் திருவிழாவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்" என்றேன்.

"நீங்க இன்னும் வரலிங்க சார்" என்றார். "தெரியுதா? நீங்க இன்னும் வரவேயில்ல. சேதி ஆளு சொல்றவரைக்கும் இந்த ஊர்ல பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது. எங்கனா குடிச்சிடாதீங்க."

நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு போய்ச் சப்பரக் கழியைத் தொட்டீர்கள்.

நான் அந்தத் திருவிழாவை எல்லைப் பாறையிலிருந்துதான் பார்த்தேன். நடுவில் ஒரு சிறு பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் ஊர். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தூறலில் உட்கார்ந்திருந்தேன். மேளச் சத்தம் காற்றுக்கு ஏற்ற மாதிரி வந்து வந்து போனது. சப்பரம் ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். நீங்கள் முன்னால் நடந்தீர்கள். வெள்ளை அங்கி, அவ்வளவுதான் தெரிந்தது.

ஊர்வலம் முதல் வீட்டின் முன் நின்றது. சப்பரத்தை இறக்கினார்கள். சிலையை வீட்டுப் பக்கம் திருப்பினார்கள். யாரோ நோயாளி என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் இறக்கினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். ஊர் முழுவதும் படுக்கையிலா கிடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. நீங்கள் தூக்குகிற பையன்களுக்கு உங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியிருந்தீர்கள், நோவு உள்ள வீட்டில் மட்டும் இறக்க வேண்டும் என்று. முதல் வீட்டில் ஒரு கிழவருக்கு இருமல். இரண்டாவது வீட்டில் வெள்ளச்சி வழியை மறித்திருக்கிறாள்.

"அந்த வூட்ல மட்டும்தான் நோவா? எங்க வூட்டு மாட்டுக்குக் காணை வந்து கீது. எறக்குங்கடா."

"மாட்டுக்கெல்லாம் இல்ல அத்த" என்றானாம் ஒருவன்.

"நாயே சாமி கூட நிக்குது, மாட்டுக்கு இன்னாடா கொறச்சல்?"

இறக்கினார்கள். அப்புறம் எந்த வீட்டில்தான் நோவு இல்லை? ஒரு வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள். ஒரு வீட்டில் சும்மா, பக்கத்து வீட்டில் இறக்கினார்கள் என்பதற்காக. மதியத்துக்குள் முடிய வேண்டிய ஊர்வலம் பொழுது சாயும்வரை போயிற்று. நீங்கள் எதையும் தடுக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அந்த முகம் வீட்டுக்குள் திரும்பும்போது நீங்கள் தலையைக் குனிந்து நின்றதை மட்டும் நான் தூரத்திலிருந்து பார்த்தேன். உங்கள் ஊரில் ஒரு ஜன்னலில் ஆள் இல்லாமல் போனதற்கு இங்கே எல்லா வாசலிலும் ஆள் இருந்தது என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அன்று எனக்குத் தாகம், குளிர். அவ்வளவுதான்.

சப்பரம் ஆலயத்துக்குள் போனது. மேளம் நின்றது. ஆண்டிக் கவுண்டர் பள்ளத்தில் இறங்கி ஏறி வந்தார். பின்னால் நீங்கள், உங்களுக்குப் பின்னால் ஊர். பாறைக்குச் சற்றுத் தள்ளி நின்றீர்கள். ஆண்டிக் கவுண்டர் என்னை முதல்முறையாகப் பார்க்கிறவர்போல் கேட்டார்:

"எந்த ஊருங்க? இன்னா சேதி?"

அந்தப் பாறையில் நான் எழுந்து நின்றேன். அதற்கு முன் எத்தனையோ சாவுகளை எழுதியிருக்கிறேன். பெயர், வயது, ஊர், காரணம். ஒன்றையும் வாயால் சொன்னதில்லை. அது எவ்வளவு வேறான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குக் குரல் வரவில்லை.

"சத்தமா சொல்லுங்க சார், காத்து அடிக்குது."

"சாமியுடைய அம்மா செத்துப்போய்விட்டார்" என்றேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காலையில் காகிதத்தில் படித்ததை முதல்முறையாகக் கேட்பவர்போல் உங்கள் முகம் ஆனது. ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். அழுதீர்கள். வளர்ந்த ஒரு ஆள் அவ்வளவு சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. ஆண்டிக் கவுண்டர் உங்கள் பக்கத்தில் குந்தி, உங்கள் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இப்ப அழு. இப்ப அழு சாமி" என்றார்.

வெள்ளச்சி முன்னால் வந்தாள். "பேரு இன்னா?"

உங்களால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. "லூசியா" என்றேன்.

"லூசியம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மற்றப் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து ஆரம்பித்தாள்:

"மலைக்கு மவன அனுப்பிட்டு
மூலை வூட்ல இருந்தவளே,
கல்லு வூட்டு லூசியம்மா,
கண்ணு மூடிப் போனியோ..."

உங்கள் அம்மாவை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அவர் மொழியில் ஒரு சொல் தெரியாது. அன்று மாலை அந்த ஊரில் ஓர் அடுப்பும் எரியவில்லை. விருந்துக்கு அரைத்து வைத்திருந்ததை எல்லாம் மூடிவைத்துவிட்டு, மிஞ்சிய களியைக் கரைத்துக் குடித்தார்கள். எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். சேதி சொன்னவனுக்கு முதல் தண்ணீர் என்றார் ஆண்டிக் கவுண்டர்.

மறுநாள் நீங்கள் என்னை வண்டிவரை கொண்டுவந்து விட்டபோது சொன்னீர்கள்: "நான் திருச்சபைச் சட்டம் ஏழு வருசம் படிச்சேன். இவ்வளவு சீக்கிரம் ஒரு தீர்ப்பை யாரும் சொல்லிக் கேட்டதில்ல." சிரிக்க முயன்றீர்கள் என்று நினைக்கிறேன்.

சில வருடங்களில் அரசு நீங்கள் இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டு நான் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. நீங்கள் கிளம்பிய அன்று ஊர் வண்டிப் பாதைவரை வந்தது. ஆண்டிக் கவுண்டர் அழவில்லை. கறாராகச் சொன்னார்: "போய்ட்டு வா சாமி. எதுனா ஆச்சுன்னா காயிதம் போடாத. ஆளு அனுப்பு." நீங்கள் என்னைக் காட்டினீர்கள். ஆலங்காயத்து மேட்டில் வண்டி திரும்பும்வரை கையை அசைத்தீர்கள்.

வான்கடிதம் வந்த பிறகும் நான் சில வாரம் போகவில்லை. கூட்டங்கள், பேட்டிகள், ஒரு தேர்தல். எழுத வேண்டியவை இருந்தன, எழுதினேன். காகிதத்தில் இருக்கும்வரை நீங்கள் சாகவில்லை என்று நான் நம்பியதாகச் சொன்னால் அது பொய். நம்பவில்லை. போகவும் இல்லை.

சென்ற ஞாயிறு போனேன். இப்போது வண்டி ஊருக்குப் பக்கம்வரை போகிறது. நான் முன்னாலேயே இறங்கி நடந்தேன். எல்லைப் பாறையில் நின்று குரல் கொடுத்தேன். ஒரு பையன் பார்த்துவிட்டு ஓடினான். ஆண்டிக் கவுண்டர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. வெள்ளச்சி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். நான் அங்கே நிற்பதற்கு என்ன பொருள் என்பதும் தெரிந்திருந்தது. ஆனாலும் கேட்டார்:

"எந்த ஊருங்க? இன்னா சேதி?"

"சாமி செத்துப்போய்விட்டார்" என்றேன். இந்த முறை குரல் வந்தது. சரியாக, உரக்க, தடங்கலில்லாமல் வந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆண்டிக் கவுண்டர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளச்சி என்னிடம் கேட்டாள்: "கடைசியா அவுரு வாயில தண்ணி ஊத்துனது யாரு?"

தெரியாது என்றேன்.

"கேக்கலியா?"

"கேட்கவில்லை."

"இம்மாம் பேரக் கேள்வி கேக்கறீங்க. அத்தக் கேக்கலியா?" அவள் குரலில் கோபம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"வுடு வெள்ளச்சி" என்றார் ஆண்டிக் கவுண்டர். "அங்கயும் ஊரு கீதுல்ல. எவனாவது ஊத்தியிருப்பான்."

அவள் விடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் பெண்கள் வந்துவிட்டார்கள். முடியை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஊரில் உங்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது, இத்தனை வருடமும் சாமி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை. "லூசியம்மா மவனே" என்று ஆரம்பித்தாள். நான் நின்று கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது ஃபாதர். கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனையோ உண்டு, மறுநாள் தாள் அச்சானதும் அவை போய்விடும். இது போகவில்லை. எழுதும்போதும் சாப்பிடும்போதும் கூடவே இருக்கிறது. உங்கள் அண்ணன் மகனுக்கு எழுதியிருக்கிறேன். கன்னியாஸ்திரீதான் உங்கள் மொழியில் மாற்றிக் கொடுத்தார். இதைப் போய்க் கேட்பதா என்பதுபோல் என்னைப் பார்த்தார், ஆனாலும் எழுதினார். உங்கள் வாயில் கடைசியாகத் தண்ணீர் விட்டது யார், அவர் பெயர் என்ன.

பதில் வந்ததும் நான் மறுபடி மலை ஏற வேண்டும். அதையும் வாயால்தான் சொல்ல வேண்டும்.